பேர் பார்க்கப் போன கல்

வெளியூர் போகிறவர்கள் பெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஓர் அளவு நாடா, பதினேழு பெயர்கள் எழுதிய ஒரு காகிதம், நாலு மூட்டை பிளாச்சான் ஆகியவற்றோடு போனேன். பிளாச்சான் என்றால் கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்து, வெயிலில் காயவைத்த கட்டி. மூட்டைகள் என்னுடையவை அல்ல, கூட வந்த காதர் பாயுடையவை. ஆனால் திரும்பி வந்தபோது அந்த வாசனையில் பெரும்பங்கு எனக்குச் சொந்தமாகியிருந்தது.

போன இடம் சியோனான். சிங்கப்பூர்தான். ஜப்பான்காரன் வந்ததும் ஊர்ப் பெயரை மாற்றினான், கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தான். சூரியன் மட்டும் உத்தரவு கைக்கு வராததால் பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது. அந்த ஊர்தான் அப்போது நம் சுதந்திர இந்தியாவுக்குத் தலைநகரம். இந்தியா எங்கேயோ இருந்தது. சுதந்திரம் இன்னும் வந்து சேரவில்லை. தலைநகரம் ஜப்பான்காரனிடம் வாங்கிய இரவல். இருந்தாலும் கடற்கரையில் ஒரு சுதந்திர நினைவுச் சின்னத்தை எழுப்பிவிட்டார்கள், பர்மா எல்லையில் வெள்ளைக்காரனோடு சண்டை போட்டு விழுந்த நம் பட்டாளத்து ஆட்களுக்காக. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் சுவரில் படம் மாட்ட ஆணி வாங்கிய மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னேன். மனத்துக்குள்தான் சொன்னேன். வெளியே எல்லோரோடும் சேர்ந்து ஜே போட்டேன்.

நான் மலாக்காவில், காஜா பேராங்கில், போர்டு எழுதுகிறவன். அதனால் ஊரில் எனக்குப் பெயரே போர்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷ் எழுதினேன். ஜப்பான்காரன் வந்த பிறகு அவன் எழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அதில் ஒன்றுக்கும் எனக்குப் பொருள் தெரியாது. நான் எழுதிய போர்டைப் பார்த்துவிட்டு ஒரு சிப்பாய் முடிவெட்டும் கடைக்குள் போய்ச் சாப்பாட்டுக்காக ரொம்ப நேரம் காத்திருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். கொஞ்ச நேரம்தான் காத்திருந்தான்.

என்னை அனுப்பியது எங்கள் ஊரின் சுதந்திரச் சங்கம், பட்டாளத்துக்குப் பணமும் பொருளும் திரட்டுகிற சங்கம். அதற்குச் செயலாளர் அருணாசலம் பிள்ளை. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்தார். துணி இல்லாத துணிக்கடை. அலமாரியெல்லாம் காலியாகக் கிடந்ததால் கூட்டம் போட அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது.

நம் ஆட்கள் சங்கதி தெரியுமே. கோயிலுக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தால் அடித்தட்டிலிருந்து திரி போடும் இடம் வரைக்கும் உபயம் இன்னார், இன்னார் மகன் இன்னார் என்று வெட்டச் சொல்வார்கள். தொட்டி கட்டிக் கொடுத்தால் தண்ணீருக்கு அடியிலும் ஒரு பெயர் கிடக்கும். சங்கத்துக்கு மோதிரம் கொடுத்தவர், வெள்ளித் தட்டு கொடுத்தவர், தையல் மிஷின் கொடுத்தவர், சைக்கிள் கொடுத்தவர் என்று மலாக்காவில் பதினேழு பேர் இருந்தார்கள். தலைநகரத்தில் கல் எழும்பிவிட்டது என்ற சேதி வந்ததும் பதினேழு பேருக்கும் ஒரே கவலைதான் வந்தது. என் பெயர் எத்தனாவது?

கல்லில் பெயர் இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் கல் எதற்கு?

ஆகவே போர்டு போக வேண்டியது. கல்லைப் பார்த்து, பெயர்களை எழுதியிருக்கிற வரிசையில், எழுதியிருக்கிற அளவில் பிரதி எடுத்து, கல்லுக்கும் அளவெடுத்துக்கொண்டு வர வேண்டியது. மலாக்காவில் அதே மாதிரி ஒன்றைச் சின்னதாகக் கட்டுவார்கள். அங்கே வரிசையில் தப்பு நடந்திருந்தால் இங்கே திருத்திக்கொள்வார்கள். என்ன வரிசை சரியான வரிசை என்பதில் இரண்டு கூட்டம் உடைந்தது. மூன்றாவது கூட்டத்தில் அகர வரிசை என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அருணாசலம் பிள்ளை.

அவருக்கு வேறொரு குறையும் இருந்தது. "மூவாருக்கு ரெண்டு தியாகி இருக்கு," என்றார் என்னைத் தனியாக அழைத்து. "குளுவாங்குக்கு ஒண்ணு. மலாக்காவுக்கு ஒண்ணுகூட இல்லே. நாளைக்கு மேலேருந்து ஆளு வந்து கேட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பதில் சொல்றது?"

தியாகி பதவிக்கு அவர் ஓர் ஆளைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தார். ராமசாமி அண்ணன். புக்கிட் ரம்பாய் பக்கம் தோட்டத்தில் கித்தா, அதாவது ரப்பர், மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். பதினாலு மாதமாகக் கடிதம் இல்லை. அவர் மனைவி செல்லம்மா அக்கா தோட்டத்தை விட்டு வந்து காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்து, மரவள்ளிப் புட்டு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். கல்லில் ராமசாமியின் பெயரைப் பார்த்துவிட்டு நான் வந்து சொன்னால் போதும், விழா. அக்காவை மேடை ஏற்றி, எல்லோர் முன்னாலும் பொட்டை எடுத்து, மாலை போட்டு, தியாகியின் விதவை என்று அறிவித்துவிடலாம்.

விழாவுக்கு நான் திரும்பி வரும்வரை காத்திருக்க அருணாசலம் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. கடைக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கடைசி நாலு கஜம் வெள்ளைத் துணியை எடுத்து வந்து என் முன் விரித்தார். நான் எழுதினேன்: மலாக்கா ஈன்றெடுத்த தியாகி ராமசாமி. அப்போது பெயின்ட் ஏது? அடுப்புக்கரியையும் செம்பனை எண்ணெயையும் குழைத்து நானே கண்டுபிடித்த மை. இந்த மை துணி கிழிந்தாலும் அழியாது என்று செயலாளரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். 'ஈ' எழுத்துக்கு வளைவு அழகாக விழுந்திருந்தது. அதைத்தான் பார்த்தேன். என்ன எழுதுகிறோம் என்று பார்க்கிற பழக்கம் ஜப்பான் போர்டு எழுதப் போன நாளிலிருந்து எனக்கு விட்டுப்போயிருந்தது.

துணியை என் வீட்டுக் கொடியில் காயப் போட்டிருந்தேன். புட்டுப் பானையோடு வந்த செல்லம்மா அக்கா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "சண்டைக்கு முந்தின துணி. என்னா தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வரவேற்பு என்று சொன்னேன். அவர் என் கையில் வழிக்கு ஒரு புட்டுப் பொட்டலத்தை வைத்தார்.

"தம்பி, எல்லாரும் பேரு இருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லியிருப்பாங்க," என்றார். "நீ இல்லேன்னு பாத்துட்டு வா."

முதல் நாள் லோரியில் கழிந்தது. ரயிலில் போகலாமே என்று கேட்பவர்கள் அப்போது மலாக்காவில் இல்லாதவர்கள். எங்கள் ஊருக்கு வந்த தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிச் சயாம் பக்கம் போடக் கொண்டுபோய்விட்டான். ரயில் இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ரயில் போகும் பாதையே எங்கேயோ போய்விட்டது அப்போதுதான். லோரியும் பெட்ரோலில் ஓடவில்லை. பின்னால் ஓர் அடுப்பு வைத்து, கரி போட்டு, அந்தப் புகையில் ஓடியது. மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளினோம். பள்ளம் வந்தால் அது எங்களை விட்டுவிட்டு ஓடியது.

காதர் பாய் மசாலா வியாபாரி. மசாலா இல்லாமல் போனதால் உஜோங் பாசிரில் பிளாச்சான் வாங்கிச் சியோனானில் விற்கப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் கொடுத்தவர் அவர்தான். பட்டியலில் எட்டாவது பெயர். எட்டாவதில் அவருக்கு மனக்குறை இல்லை. "பேரு இருந்தா பெருமை, இல்லாட்டி நிம்மதி," என்றார். நிம்மதி எப்படி என்று கேட்டேன். லோரிக்காரனுக்குக் கேட்காமல் சொன்னார்: "வெள்ளைக்காரன் திரும்பி வந்தான்னு வையி போர்டு, மொத வேலையா அந்தக் கல்லுக்கிட்டப் போயி நின்னு நிதானமாப் படிப்பான்."

மூவார் ஆற்றங்கரையில் படகுக்காக நின்றோம். அங்கே காவல் சாவடி. சிப்பாய் இருக்கும் இடத்தில் இறங்கி இடுப்பு வரை குனிய வேண்டும். குனியாவிட்டால் அறை. குனிந்தது போதாவிட்டாலும் அறை. இந்தக் கலையில் காஜா பேராங்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. லோரி நிற்பதற்கு முன்பே குதித்து, சாவடிக்கு முன்னால் தெரிந்த காக்கி உருவத்துக்கு நெற்றி முழங்காலில் படும்படி குனிந்தேன். என்னைப் பார்த்துக் காதர் பாய் குனிந்தார். அவரைப் பார்த்து லோரியில் வந்த அத்தனை பேரும் குனிந்தார்கள். நிமிரச் சொல்லிக் குரல் வரவில்லை. இடுப்பு கழன்றுபோகிற நேரத்தில் ஒரு கண்ணால் பார்த்தேன். மூங்கிலில் காயப் போட்டிருந்த மழைக்கோட்டு. அதன்மேல் ஒரு தொப்பி.

உண்மையான சிப்பாய் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று மூவாரில் ஒருவரும் அறை வாங்கவில்லை. அதற்குப் பிறகு லோரியில் என்னோடு ஒருவரும் பேசவுமில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் காப்பி குடித்தோம். சோளத்தை வறுத்துக் கரித்துப் பொடித்த காப்பி. தொட்டுக்கொள்ள மரவள்ளி ரொட்டி. மலாக்காவில் காலையில் மரவள்ளிப் புட்டு, மதியம் மரவள்ளிக் களி, இரவில் மரவள்ளி தோசை. ஊர் மாறினால் சாப்பாடு மாறும் என்பார்களே என்று ஆசையாக உட்கார்ந்தேன். மாறித்தான் இருந்தது. எங்கள் ஊர் மரவள்ளியில் நார் குறைவு. செல்லம்மா அக்கா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தோம். அடியில் வெல்லம் கொஞ்சம் வைத்திருந்தார். அப்போது தங்கம் கிடைத்தாலும் வெல்லம் கிடைக்காது. பார்த்ததும் பாய் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நான் ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தேன். நார் என்று அவரிடம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முழுவதும் பிளாச்சான் மூட்டைமேல் உட்கார்ந்து போனேன். வெயில் ஏற ஏற மூட்டை இளகியது. மூட்டை இளக இளக நான் அதில் அமிழ்ந்தேன். பாலத்தைக் கடந்து சியோனானுக்குள் நுழைந்தபோது மூன்று பூனைகள் லோரிக்குப் பின்னால் ஓடி வந்தன. தலைநகரம் என்னை வரவேற்க அனுப்பிய கூட்டம் அவ்வளவுதான்.

தங்கியது காதர் பாயின் மச்சான் கடையில். அந்த மச்சான் சியோனான் ஆள் என்பதில் பெருமை கொண்டவர். மலாக்காவில் இன்னும் மாட்டு வண்டிதானா என்று கேட்டார். இல்லை, மாட்டைத் தின்றாயிற்று, வண்டி மட்டும்தான் என்றேன். என் படுக்கையைப் பின்கட்டில் போடச் சொன்னார். வாசனைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். பூனைகளும் வந்து படுத்துக்கொண்டன.

மூன்றாம் நாள் காலையில் குளித்தேன். இரண்டு தரம் குளித்தேன். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்லைப் பார்க்கக் கிளம்பினேன். எட்டாவது பெயரைத் தன் கண்ணால் பார்க்கக் காதர் பாயும் கூடவே வந்தார். அங்கே இருக்கிற நம் பட்டாளத்தார் யாருக்காவது கொடுக்கலாம் என்று ஒரு பிளாச்சான் கட்டியை இலையில் சுருட்டி மடியில் வைத்திருந்தார். என் குளியல் வீணாயிற்று.

மலாக்காக்காரனுக்குக் கல் புதிதல்ல. வந்தவன் எல்லாம் கல் நட்டுவிட்டுப் போன ஊர் எங்களுடையது. போர்த்துகீசியன் கோட்டை கட்டினான். இன்றைக்குக் கோட்டை இல்லை, வாசல் மட்டும் நிற்கிறது, உள்ளே போனாலும் வெளியேதான் இருப்போம். டச்சுக்காரன் தன் ஆட்களைப் புதைத்து மேலே ஆளுயரப் பலகைக்கல்லில் வம்சத்தையே செதுக்கி வைத்தான். வெள்ளைக்காரன் அவற்றையெல்லாம் துடைத்து வைத்தான். எல்லாக் கல்லிலும் பெயர் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் போனேன்.

கடலைப் பார்த்தபடி நின்றது கல். படிமேடை, அதன்மேல் நெடுஞ்சுவர் மாதிரி எழும்பிய தூண். சிமெண்டு வாசனைகூட இன்னும் போகவில்லை. முன்னால் மூன்று சொற்கள் இருந்தன. அவ்வளவுதான். பெயர்கள் பின்பக்கம் இருக்கும் என்று பின்னால் போனேன். இல்லை. பக்கவாட்டில் பார்த்தேன். இல்லை. கோயிலைச் சுற்றுவதுபோல மூன்று முறை வலம் வந்தேன். காதர் பாய் மண்டியிட்டு அடிக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். சின்ன எழுத்தாகப் போட்டிருப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பெயர் இல்லாவிட்டாலும் வந்த வேலை ஆகட்டும் என்று நாடாவை எடுத்துக் கல்லைச் சுற்றிப் பிடித்தேன்.

"என்னாண்ணே, கல்லுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

பின்னால் நம் பட்டாளத்து ஆள் ஒருவர் நின்றிருந்தார். கிள்ளான் பக்கம் தோட்டத்துப் பையன். ஒரு கால் சரியில்லை, கைத்தடி ஊன்றியிருந்தார். போர்முனையிலிருந்து திரும்பியவர், நடக்க முடியாததால் கல்லுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்றார். முதலில் எங்களைக் காற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். பிறகு வந்த காரியத்தைக் கேட்டார். நான் பட்டியலை எடுத்து நீட்டினேன். அவர் பதினேழு பெயரையும் வாய்க்குள் படித்தார்.

"இவங்கள்ளாம் எந்தப் பக்கம் நின்னு சண்ட போட்டாங்க?" என்று கேட்டார்.

சண்டை போடவில்லை, உதவி செய்தார்கள் என்றேன். உதாரணமாக எட்டாவது ஆள் ஒரு சைக்கிள் கொடுத்தார்.

"எங்களுக்கு வந்து சேரலேண்ணே. நாங்க நடந்துதான் போனோம். வரும்போதும் நடந்துதான் வந்தோம்."

எட்டாவது ஆள் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

இறந்தவர்களின் பெயரையாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவர் தடியைக் கல்லில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மழையில் திரும்பி நடந்ததைக் கொஞ்சம் சொன்னார். பாதையோரத்தில் உட்கார்ந்தவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டானாம். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வந்தவன் என்ன ஆனான் என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவும் தெம்பில்லை. தெரிந்த பெயரைவிடத் தெரியாத பெயர்தான் அதிகம், எதைப் போடுவது, எதை விடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் ராமசாமி அண்ணனைக் கேட்டேன்.

"எந்த ராமசாமி? எங்க கூட்டத்துல மட்டும் ஒம்போது ராமசாமி."

புக்கிட் ரம்பாய் என்றேன். பால் வெட்டுகிற ஆள் என்றேன். எல்லோரும் பால் வெட்டுகிறவர்கள்தான் என்றார். உயரம், கறுப்பு, சிரித்தால் ஒரு பல் தூக்கலாகத் தெரியும் என்று அடையாளம் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"நாலு ராமசாமி வந்துட்டாங்க. அஞ்சு வரலே. வராத அஞ்சுலயும் வெள்ளைக்காரன் கையில மாட்டி ரங்கூன் ஜெயில்ல சோறு திங்கிறவன் இருப்பான். பல்ல யாரு பாத்தா? அங்க யாரும் சிரிக்கலேண்ணே."

நான் கல்லின் முன்பக்க எழுத்தைக் காட்டிக் கேட்டேன். கல்லில் இருந்த மூன்று சொற்களும் இந்துஸ்தானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள் சொன்னார். எழுதிக்கொண்டேன். காதர் பாய் மடியிலிருந்து பிளாச்சான் கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பையன் அதை மூக்கருகே கொண்டுபோய் வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை. பிளாச்சானும் மிளகாயும் வைத்து இடித்த சம்பல் தின்று எத்தனை நாள் ஆயிற்று என்றார். பாய் இன்னொரு கட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவினார். சைக்கிளைப் பற்றி அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை.

திரும்பும் வழியில் மூவார் சாவடியில் சிப்பாய் உண்மையாகவே நின்றான். நான் மழைக்கோட்டு என்று நினைத்து நிமிர்ந்து நடந்தேன். அந்த அறையின் சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் எதிரொலித்தது என்று காதர் பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஊர் வந்து சேர்ந்தபோது செல்லம்மா அக்கா என் வாசலில் நின்றிருந்தார். "பேரு இல்லேக்கா," என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். உள்ளே போய்ச் சுடச்சுட ஒரு தட்டு புட்டு கொண்டு வந்தார். கல்லில் ஒருவர் பெயருமே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை பாருங்கள். பாதி உண்மையைக் கொடுத்துவிட்டு மீதியை ரேஷன் அரிசி மாதிரி கையில் வைத்துக்கொண்டேன். புட்டை முழுவதும் தின்றேன்.

மறுநாள் துணிக்கடையில் கூட்டம். பதினேழு பேரும் துவைத்த சட்டையில் வந்திருந்தார்கள். அக்காவையும் ஆள் அனுப்பி வரவழைத்து, ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்திருந்தார் அருணாசலம் பிள்ளை. நான் கல்லின் உயரத்தைச் சொன்னேன். அகலத்தைச் சொன்னேன். கடல் எந்தப் பக்கம் என்றும் சொன்னேன். இன்னும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். "பேருக்கு வாய்யா போர்டு," என்றார் தையல் மிஷின்காரர். பெயர் இல்லை என்றேன். தன் பெயர் இல்லை என்று நினைத்து அவர் எழுந்துவிட்டார். ஒருவர் பெயரும் இல்லை, மூன்று சொற்கள்தான் என்று முழு உண்மையையும் சொன்னேன். அக்காவின் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

கடையில் அப்படி ஓர் இழவு விழுந்ததை நான் பார்த்ததில்லை. பர்மாவில் செத்தவர்களுக்குக்கூட அவ்வளவு நேரம் மௌனம் இருந்ததில்லை. வெள்ளித் தட்டு கொடுத்தவர், தட்டைத் திருப்பிக் கேட்க வழி உண்டா என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார்.

அருணாசலம் பிள்ளை மட்டும் தளரவில்லை. மூவாரின் இரண்டு தியாகிகள் அவர் கண்ணுக்குள் நின்றார்கள். "பேரு போடலேன்னா என்னா அர்த்தம்?" என்றார். "எல்லாரும் அதுல அடக்கம்னு அர்த்தம். நம்ம ராமசாமியும் அடக்கம். விழா ஞாயித்துக்கெழம." உள்ளே போய் என் துணியை எடுத்து வந்து இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி விரித்தார்.

செல்லம்மா அக்கா துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படி தம்பி."

நான் படித்தேன். என் எழுத்தை நானே படிக்க அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. 'ஈ' அழகாகத்தான் இருந்தது.

"வரவேற்புன்னு சொன்னே," என்றார். அவ்வளவுதான். மூவார் சிப்பாய் அறைந்தது ஒரு கன்னத்தில், இது மறு கன்னத்தில்.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. புட்டு விலை சொல்கிற குரல்தான்.

"அந்தக் கல்லுல உங்க பேரு இருக்கா ஐயா?"

"இல்லேம்மா. யாரு பேரும் இல்லேன்னு சொல்றான்ல?"

"எங்க வூட்டுக்காரரு பேரும் இல்லே. பேரு இல்லாததால அவரு அதுல அடக்கம்னா, நீங்களும் அடக்கம்தானே. உங்க வூட்டம்மாவுக்கும் ஆள் அனுப்புங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமா மேடையேறிப் பொட்டை அழிச்சிக்கிறோம்."

எட்டாவது ஆள் கையைத் தூக்கித் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். அந்தக் கணக்கின்படி கடைக்குள் பதினேழு பிணங்கள் உட்கார்ந்திருந்தன. கல்லில் என் பெயரும் இல்லை, ஆகவே பதினெட்டு.

துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் அக்கா போனார். "இதுல யாரு பேரு போட்டிருக்கு?" என்று கேட்டார். ராமசாமி என்றார்கள். "பேரு போட்ட பொருளு பேருக்காரருதுதானே?" என்றார். அந்தக் கூட்டத்தில் மறுத்துப் பேச ஒருவரால் முடியுமா? பெயர் போட்டதால்தான் பொருள் என்று பிறந்ததிலிருந்து நம்பியவர்கள். அக்கா துணியை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை விழா நடக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் தோற்றான் என்று சேதி கசிந்தது. முதலில் வந்தது தையல் மிஷின்காரர். பட்டியலில் தன் பெயரைக் கொஞ்சம் அடித்துவிட முடியுமா என்று கேட்டார். பிறகு வெள்ளித் தட்டு. பிறகு மோதிரம். ஒரு காலத்தில் முந்தியிருக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்கள், இப்போது யார் பெயரை முதலில் அடிப்பது என்று என் வாசலில் சண்டை போட்டார்கள். கடைசியில் அருணாசலம் பிள்ளையே வந்து காகிதத்தை வாங்கி அக்காவின் அடுப்பில் போட்டார். கல்லில் பெயர் போடாத மகராசன் யாரோ அவன் நல்லா இருக்கணும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கொஞ்ச நாளில் வெள்ளைக்காரன் சியோனானைச் சிங்கப்பூர் ஆக்கி, அந்தக் கல்லுக்கும் வெடி வைத்தான் என்று கேள்விப்பட்டோம். காதர் பாய் சொன்னது ஒன்றுதான் தப்பு. அவன் நின்று படிக்கவில்லை. கல்லின் அளவு எழுதிய காகிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. மலாக்காவில் யாரும் அதைக் கேட்டு வரவில்லை.

அக்கா அந்தத் துணியில் ஒரு சட்டை வெட்டினார். வந்தால் போட்டுக்கொள்ள மனுஷனுக்கு ஒரு சட்டை வேண்டாமா என்றார். ஆள் இல்லாமல் அளவு எப்படி என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நீ கல்லுக்கு எடுத்துட்டு வந்துட்டே. மனுசனுக்கு எனக்குத் தெரியும்," என்றார்.

ஒரே சங்கடம் என் மை. துணி கிழிந்தாலும் அழியாது என்று சொன்னேனே, அந்த ஒரு விஷயத்தில் நான் உண்மை பேசியிருந்தேன். சாம்பல் போட்டு வேகவைத்தார். வெயிலில் போட்டார். மறுபடியும் வேகவைத்தார். முதுகில் 'தியா' மட்டும் மங்கலாக, பிடிவாதமாக நின்றது. ராமசாமி வந்து இதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அக்கா என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

காலையில் எழுந்ததும் அக்கா வீட்டுத் துணிக்கொடியில் காயும் அந்தச் சட்டையைத்தான் பார்க்கிறேன். போர்டு எழுதுகிறவன் எவனாவது தன் எழுத்து அழியவேண்டும் என்று வேண்டிக்கொள்வானா? இன்றும் அழியவில்லை. அக்கா மறுபடியும் சட்டையைப் பானையில் போட்டு அடுப்பில் ஏற்றினார். நான் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் விறகு பிளந்து கொடுத்தேன்.